நானூறு நாள்

1963 மார்ச் 1. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல், மனிதருக்கான முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். மூன்று வயதுச் சிறுவன். ரத்தப்போக்கு நிற்காமல் மேசையிலேயே உயிர் போயிற்று. அடுத்து வந்தவர்களும் சில வாரங்களைத் தாண்டவில்லை. ஸ்டார்ஸல் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினார்.

1967இல் மறுபடி முயன்றார். கல்லீரல் புற்றுநோய் கண்ட ஒன்றரை வயதுக் குழந்தை 400 நாள் வாழ்ந்தது. வெற்றிதான், ஆனால் கொன்றது திரும்பி வந்த புற்று.

யாருக்கு மாற்றினால் அது திரும்பாது? விடைக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயிற்று. 1996இல் மிலானின் வின்சென்சோ மசஃபெரோ, 48 நோயாளிகளைக் கொண்டு அளவுகோல் வகுத்தார்: ஒற்றைக் கட்டியானால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். நான்காண்டு கடந்தவர்கள் 75 சதவீதம். கறாரான கணக்குதான், கொடைக் கல்லீரல் அரிதென்பதால் மருத்துவமனைகள் அதையே பற்றிக்கொண்டன.