கோடவுன் சுவரும் மூட்டைகளும்

கோபர்கைரனேயில் பன்வேல் லோக்கல் ஏறினால் வண்டி மாறாமல் கார்கர் போய்விடலாம். டாடா மெமோரியலின் ஆராய்ச்சி மையமான ஆக்ட்ரெக் அங்கேதான் இருக்கிறது. டாடா மெமோரியலின் பரேல் ஆஸ்பத்திரி என்றால் வழியில் வண்டி மாறியாக வேண்டும். எங்கே போகிறவர் கையிலும் அதே பெரிய உறை, உள்ளே எம்.ஆர்.ஐ. பிலிம். எங்கள் கட்டிடத்து அக்கா ஒருவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டார்: “கரண்ட் வெச்சா கரையுமா கரையாதான்னு இதுலயே தெரிஞ்சுடுமா?”

கரண்ட் என்று அவர் சொன்னது கதிர்வீச்சு சிகிச்சையை. நியாயமான கேள்வி. டாடா மெமோரியலில் 2003 முதல் 2011 வரை, கர்ப்பப்பை வாய்ப் புற்று 3பி நிலையில் இருந்த 850 பெண்களை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் மருந்தும் பெற்றவர்களில் 5 ஆண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் 52.3 சதவீதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 43.8. ஒரே நோய், ஒரே நிலை, ஒரே சிகிச்சை. ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கைகொடுக்கவில்லை. அந்தப் பாதி யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் விஷயம்.

அக்காவின் உறையில் இருந்தவை ஒரே மெஷின் எடுத்த இருவகைப் படங்கள். ஒன்று டி2, மற்றது டிஃப்யூஷன். எங்கள் பக்கத்தில் மூட்டை தூக்கும் மாத்தாடி தொழிலாளர் காலனிக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். வாஷி மார்க்கெட் கோடவுனின் சுவர் எதுவரை என்று காட்டுவது டி2. உள்ளே மூட்டை அடுக்கு எவ்வளவு நெருக்கம், ஆள் நடக்க இடம் இருக்கிறதா என்று சொல்வது டிஃப்யூஷன். நடக்கிற ஆள், தண்ணீர் மூலக்கூறு. மூட்டைகள், புற்றுச் செல்கள். எவ்வளவு தாராளமாக நடக்க முடிகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, ஏ.டி.சி. என்பார்கள்.

டி2 நிதானமான சாட்சி. கட்டி சுருங்கிய பிறகே சுருங்கியது என்று சொல்லும். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். உடலுக்குள்ளேயே கதிர்மூலம் வைக்கும் உள்கதிர் சிகிச்சையின்போது எம்.ஆர்.ஐ. எடுத்து, மிச்சக் கட்டியின் விளிம்பைப் பார்த்து டோஸ் கொடுத்த எம்ப்ரேஸ் ஆய்வில் (2008–2015) டாடா மெமோரியலும் சேர்ந்திருந்தது. சேர்ந்தவர்கள் 1,416 பெண்கள். 5 ஆண்டில் கட்டி இருந்த இடத்தில் நோய் கட்டுப்பட்டது 92 சதவீதம். இத்தனைக்கும் 2018 வரை இந்த நோயின் நிலையைச் சர்வதேச விதிப்படி தீர்மானித்தது முக்கியமாக டாக்டரின் விரல்தான், எம்.ஆர்.ஐ. கணக்கில் வராது.

டிஃப்யூஷன் அவசரக்காரன். வழக்கமாக வைக்கும் 25 கரண்டில் பாதி முடிவதற்குள், சுவர் அப்படியே நிற்கும்போதே, செல்கள் சாகச் சாக மூட்டை காலியாகி எண் ஏறத் தொடங்கிவிடும். ஊசிமருந்துகூட வேண்டாம், சில நிமிட வேலை. ஆனால் படம் பொரிபொரியாக இருக்கும். மலக்குடலில் கொஞ்சம் காற்று இருந்தாலே இழுபட்டுக் கோணிவிடும். மெஷின் மாறினால் எண்ணும் மாறலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. சிகிச்சை நடுவே எண் உயர்ந்தால் நல்ல செய்தி. சிகிச்சைக்கு முன்பே உயர்ந்திருந்தால்? 2002-இல் லான்செட் இதழில் மலக்குடல் புற்று பற்றி 14 பேரை மட்டும் பார்த்த ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஆரம்பத்திலேயே எண் அதிகமிருந்த கட்டிகள்தான் சரியாகச் சுருங்கவில்லை. காரணம் இதுவாக இருக்கலாம்: ரத்தம் எட்டாமல் நடுவில் அழுகிப்போன கட்டி, அது மூட்டையே இல்லாத கோடவுன். அங்கே ஆக்ஸிஜனும் இல்லை. ஆக்ஸிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய 2.5 முதல் 3 மடங்கு கதிர் வேண்டும்.

ஆகவே இன்றைக்கு டோஸின் எல்லையை வரைய டி2-வையே நம்புவேன். டிஃப்யூஷன் எண்ணை மட்டும் வைத்து சிகிச்சையை மாற்றுவது இன்னும் வழக்கமாகவில்லை. இப்போதைக்கு அது சரியென்றே படுகிறது.

அக்காவிடம் பிலிமின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த தேதியைக் காட்டினேன். முதல் கரண்டுக்கு இரண்டு வாரம் முந்தையது. அடுத்த ஸ்கேனையும் இதே மெஷினில்தான் எடுப்பார்களா என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பினேன்.