நீரிழிவுப் பாதப் புண்ணும் ஒட்சிசன் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

நீரிழிவு நோயாளரின் பாதத்தில் தோன்றும் புண், காலையே இழக்கச் செய்வது. அதனை ஆற்றும் முயற்சியின் வரலாறு இரு கூறுகளை உடையது: ஒன்று புண்ணைத் துப்புரவாக்கல், மற்றையது ஒட்சிசன் ஊட்டல். இவற்றுள் முன்னையதே அடிப்படை என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

1884 இல் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பிரெடெரிக் திரீவ்ஸ், பாதத்தைத் துளைக்கும் புண்ணுக்கு ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார். தடித்த தோலை வெட்டியகற்றல், பாதத்துக்கு ஓய்வளித்தல், ஆறியபின் தக்க பாதணி அணிதல் என்பன அதன் கூறுகள். 1887 இல் டேவிஸ் பிறைஸ் என்பார் இத்தகைய புண்ணை நீரிழிவோடு தொடர்புபடுத்தினார். நரம்பு பழுதுற்று உணர்ச்சி குன்றிய பாதத்தில் இடையறாத அழுத்தம் வலியின்றியே புண்ணை விளைவிக்கின்றது.

1922 இல் ரொறன்ரோவில் இன்சுலின் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு ஏற்றப்பட்டது. நீரிழிவு மயக்கத்தால் மாண்டிருக்கக்கூடியோர் நெடுநாள் வாழலாயினர். அதனாலேயே பாத அழுகல் பெருஞ் சிக்கலாயிற்று. 1934 இல் பொஸ்ரன் வைத்தியர் எலியட் ஜொஸ்லின் இவ்வபாயத்தை எடுத்துரைத்து, அன்றாடப் பாதப் பராமரிப்பை வற்புறுத்தினார்.

ஒட்சிசன் சிகிச்சைக்கு வித்திட்டது 1960 இல் அம்ஸ்ரடாமில் பூரெமா நிகழ்த்திய பரிசோதனையாகும். செங்குழியங்கள் ஏறத்தாழ முற்றாக நீக்கப்பட்ட பன்றிகள், உயர் அமுக்க அறையில் ஒட்சிசனைச் சுவாசித்து உயிர்வாழ்ந்தன. குருதியின் திரவப்பகுதியிற் கரைந்த ஒட்சிசனே அவற்றைக் காத்தது. பிற்காலத்தில் இம்முறை ஆறாத பாதப் புண்களுக்கும் கையாளப்பட்டது.

எனினும் அதன் பயன் குறித்த கருத்து ஒருமுகமானதன்று. 2010 இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில் 94 நோயாளர் பங்குபற்றினர். ஓராண்டில் ஒட்சிசன் பெற்றோருள் 52 சதவீதத்தினருக்கும் ஏனையோருள் 29 சதவீதத்தினருக்கும் புண் ஆறியது. 120 நோயாளரைக் கொண்ட 2018 ஆம் ஆண்டின் நெதர்லாந்து ஆய்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பலர் சிகிச்சையை நிறைவு செய்யாமையும் கருதற்பாலது.

இறந்த இழையத்துக்குக் குருதி செல்வதில்லை. குருதி செல்லாவிடத்து அது சுமக்கும் ஒட்சிசனும் செல்லாது. ஆதலின் அமுக்க அறை, கத்திக்கோ ஓய்வுக்கோ ஈடாகாது. அவற்றின்பின் வரும் துணையே. அறைகள் இல்லாத வைத்தியசாலையிலும் திரீவ்ஸ் கூறிய முறையைக் கைக்கொள்ளலாம். காலைக் காக்கும் பணி அங்கிருந்தே தொடங்கற்பாலது.