அம்மா, அக்காள், அண்ணன்: மணமாகாத இறைத்தொண்டர்களும் மனநிறைவும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் கேட்ட ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். என் அருகில் அமர்ந்திருந்த அம்மையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதிலேயே இவ்வூருக்கு வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். எதிரே இருந்தவர் ஒருவர், "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். "நான் கல்யாணம் பண்ணிக்கலைங்க" என்றார் இவர். கேட்டவர் பதறிப்போய், "அடப் பாவமே!" என்று சொல்லிவிட்டார். அம்மையார் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, "இதுல பாவம் என்ன இருக்கு தம்பி? நான் மனரம்மியமாத்தான் இருக்கேன்" என்றார்.

'மனரம்மியம்' என்பது அன்றாடப் பேச்சில் அதிகம் வழங்காத சொல். தமிழ் விவிலியத்தில், பவுல் அடிகள் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் வருவது. சிறையில் இருந்தபோது எழுதிய கடிதம் அது. எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அதில் அவர் கூறுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலோ, தாம் மனைவியின்றி வாழ்வதைக் குறிப்பிட்டு, மணவாழ்வைப் போலவே மணமில்லா வாழ்வும் இறைவன் தரும் வரமே என்கிறார். ஆக, மனநிறைவு என்பது பிறவியிலேயே வாய்ப்பதன்று, கற்றுக்கொள்ள வேண்டியது என்றாகிறது. அப்படிக் கற்றுக்கொண்ட சிலர் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதைக் காண்போம்.

பெயரில்லாத ஒரு நிலை

வள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறவியலையும் துறவறவியலையும் வைத்தார். மனைவி மக்களோடு வாழ்பவருக்கு ஒரு பெயர் உண்டு. காவி கட்டித் துறந்தவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் மணம் செய்துகொள்ளாமல், உலகத்தையும் துறக்காமல், ஊருக்குள்ளேயே உழைத்து வாழ்பவரை என்னவென்று அழைப்பது? திருமணத்திலிருந்து தப்ப ஔவையார் வேண்டிக்கொண்டு இளமையிலேயே முதுமை பெற்றார் என்கிறது நம் செவிவழிக் கதை. மணமாகாத பெண் ஊரில் நடமாட வேண்டுமானால் கிழவியாக வேண்டியிருந்தது என்பதே அக்கதையின் உட்பொருள் போலும்!

கத்தோலிக்கத் திருச்சபையில் குருமாருக்கும் கன்னியருக்கும் மடங்கள் இருந்தன. சீர்திருத்தத் திருச்சபையின் கதை வேறு. துறவியாயிருந்த மார்ட்டின் லூத்தர் 1525-இல், முன்னாள் கன்னியரான கத்தரீனாவை மணந்துகொண்டார். போதகரும் அவர் மனைவியும் நடத்தும் குடும்பமே அதன்பின் சபையாருக்கு முன்மாதிரி ஆயிற்று. 1706-இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது அந்த மரபும் உடன் வந்தது. மடம் இல்லாத இச்சபையில் மணமாகாத ஒருவர் எங்கே நிற்பது என்பது நெடுநாள் விடையின்றியே இருந்தது.

தஞ்சையில் ஒரு தந்தை

இதற்கு வாழ்ந்து காட்டி விடை சொன்னவர்களுள் முற்பட்டவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ச்சு (1726–1798). 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றிய இவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் இவர் வீட்டில் பிள்ளைகளுக்குக் குறைவிருக்கவில்லை. பிற்காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்க வைத்தவர் இவரே. தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் இறக்கும் தறுவாயில், தம் தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில் ஒப்படைத்தார். சுவார்ச்சு மறைந்தபோது சரபோஜி மன்னரே அவர் கல்லறைக்காக ஆங்கிலத்தில் ஒரு பாடல் இயற்றினார். அதில் அவரை ஆதரவற்ற பிள்ளைகளின் தந்தை என்று போற்றுகிறார். பிள்ளை பெறாத ஒருவருக்கு, மற்றொரு சமயத்தைச் சேர்ந்த மன்னர் அளித்த பெயர் 'தந்தை' என்பது எண்ணத்தக்கது.

டோனாவூரின் அம்மா

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் பெங்களூர் வந்தார். தமிழ் கற்று, வாக்கர் என்ற இறைப்பணியாளரின் வழிகாட்டுதலில் திருநெல்வேலிப் பகுதியில் பணி தொடங்கினார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் அபாயத்திலிருந்த ஒரு சிறுமி 1901 மார்ச்சில் தப்பி ஓடிவந்து இவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து பல குழந்தைகள் வந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள டோனாவூர் அவர்களுக்குத் தாய்வீடாயிற்று.

இவரைப் பிறவித் துறவி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவுக்கு வருமுன் ஜப்பானில் பணிபுரிந்த நாளில் (1893–94), தனிமை குறித்த அச்சம் இவரை வாட்டியது. ஆரிமா என்ற மலைப்பகுதியில் ஒரு குகைக்குத் தனியே சென்று, வாழ்நாள் முழுவதும் துணையின்றி எப்படிக் கடப்பேன் என்று இறைவனிடம் முறையிட்டார். தம்மை நம்புவோரை அவர் ஆதரவின்றி விடமாட்டார் என்ற சங்கீதப் புத்தகத்தின் உறுதிமொழி அப்போது உள்ளத்தில் பட்டது. இதை அவர் உடனே ஊரறியச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தாம் வளர்த்த பெண் ஒருத்தி அதே கேள்வியோடு நின்றபோதுதான் சொன்னார்.

அந்த உறுதி கடும் சோதனைக்கும் உள்ளாயிற்று. 1912-இல் வாக்கர் இறந்தார். 1913-இல் ஊரில் தாயார் இறந்தார். தொடக்க நாள் முதல் வலக்கரமாயிருந்த பொன்னம்மாள் 1915-இல் புற்றுநோயால் மறைந்தார். இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் இப்பணியில் சேர்ந்தவர் பொன்னம்மாள். இத்தனை இழப்புகளுக்குப் பின், 1916 மார்ச்சில், ஏழு இளம்பெண்களோடு ஒரு சகோதரியர் குழுவைக் கார்மைக்கேல் தொடங்கினார். 14-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் தோன்றிய, பொதுவாழ்வுச் சகோதரர் என்ற பொருள்படும் இயக்கத்தின் பெயரையே இக்குழுவுக்கும் வைத்தார். மாறா உறுதிமொழி எதுவும் இதில் கேட்கப்படவில்லை. ஒருத்தி மணவாழ்வை நாடினால் குழுவிலிருந்து விலகிக்கொள்ளலாம். டோனாவூரில் வளர்ந்த பெண்கள் பலர் மணமாகிச் சென்றதும் உண்டு. வீட்டார் வற்புறுத்தலுக்கு நடுவே, 'கல்யாணம் வேண்டாம்' என்று சொல்ல நினைத்த பெண்ணுக்கு, அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர ஓர் இடம் கிடைத்தது என்பதே இதன் சிறப்பு.

இனி நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அங்கே வழங்கிய உறவுப் பெயர்களை. ஊழியம் செய்த நம் நாட்டுப் பெண்கள் 'அக்காள்', அயல்நாட்டுப் பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி', கார்மைக்கேல் 'அம்மா'. அத்தனையும் அசல் நெல்லைத் தமிழ்! மேலைநாட்டு மடங்களின் பட்டங்களை இறக்குமதி செய்யாமல், நம் முற்றத்து உறவுகளையே எடுத்துக்கொண்டார்கள். தாலி கட்டாத பெண் அங்கே யாரோ ஒருத்தியாக நிற்கவில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு அக்காளாக இருந்தாள்.

1931 அக்டோபரில் கார்மைக்கேல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கிய நிலையில் 1951 ஜனவரி 18 வரை வாழ்ந்தார். அந்த இருபது ஆண்டுகளிலும் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் விரும்பியபடி கல்லறைக் கல் எதுவும் நாட்டவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் அங்கே வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

திருப்பத்தூரின் அண்ணன்மார், வேலூரின் அத்தை

இது பெண்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. மருத்துவர் சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் ஆகிய நண்பர்கள் 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை. பேட்டன் பெருஞ்செல்வக் குடும்பத்துப் பிள்ளை. ஆனாலும் கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, சுற்றுவட்டாரக் கிராம மக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஜெபாலயத்தையும் திராவிடக் கோயில் பாணியிலேயே கட்டினார்கள். ஊரார் இவர்களை அழைத்தது பெரியண்ணன், சின்னண்ணன் என்று. 1969-இல் பெரியண்ணனும், 1970-இல் சின்னண்ணனும் மறைந்தார்கள்.

வேலூர் மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர் (1870–1960) இராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கியதால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் மாறி மருத்துவம் படித்தவர். 1900-இல் திரும்பிவந்து, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவரும் மணமாகாதவரே. கெர்ட்ரூட் டாட் என்ற தோழி பல்லாண்டுகள் அவரோடு வாழ்ந்து பணியில் பங்கேற்றார். உடனிருந்தோர் ஐடாவை ஆங்கிலத்தில் அத்தை முறை சொல்லியே அழைத்தனர்.

நமக்கு உரிய பாடம்

இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்தவை மூன்று. நாள்தோறும் இறைவனோடு பேசும் வழக்கம் ஒன்று. பிறருக்குத் தேவைப்படும் உழைப்பு ஒன்று. மூன்றாவது, கூடி உண்டு கூடி வாழும் சுற்றம். இறைநம்பிக்கை அவர்களுக்கு மனவலிமை தந்தது. ஆனால் அந்த நம்பிக்கையும் அவர்களைத் தனி அறையில் விட்டுவைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் நடுவே கொண்டுபோய் உட்கார வைத்தது. தனித்திருப்பது வேறு, தனிமைப்படுவது வேறு என்று அவர்கள் வாழ்க்கை காட்டுகிறது.

சமயம் எதுவாயினும், வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு, சொந்தபந்தம் என்பது பெரும்பாலும் சங்கத்தில் சேர்த்துக்கொண்டதுதான். தங்கையரைப் படிக்க வைத்து, தம்பிமாரைக் கரையேற்றி, மணம் இன்றியே நின்றுவிட்ட செவிலியரும் ஆசிரியையரும் அலுவலரும் நம்மிடையே உண்டு. எல்லாரும் விரும்பி அப்படி நின்றவர்கள் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அது வரம், சிலருக்கு நெடுநாள் வலி. எதுவாயினும், நாம் அடிக்கும் அழைப்பிதழில் 'குடும்பத்துடன் வருக' என்று போடுகிறோம். அதைப் படிக்கும்போது அவர்கள் தங்களுக்கும் இடம் இருப்பதாக உணர்கிறார்களா?

அன்று பந்தி முடிந்ததும், "அம்மா, உங்களைப் பிள்ளைங்க யாராவது முறை சொல்லிக் கூப்பிடுவாங்களா?" என்று அந்தச் செவிலியரைக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிட்டாங்க தம்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளை மட்டும் பெரியம்மாங்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அடுத்த விழாவிலிருந்து என் பிள்ளைகளும் அவரைப் பெரியம்மா என்றே அழைக்கிறார்கள்.