புரட்டிப் போட்ட மேலாடை

மதீனாவின் வரலாற்றில் ஒரு வருஷத்துக்கே சாம்பல் என்று பெயர். ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639. மழை பொய்த்து நிலம் கறுத்துப்போனது. காற்றடித்தால் சாம்பல் மாதிரிப் புழுதி பறந்தது. பாலை நாடோடிகள் கால்நடைகளை இழந்து, குடும்பம் குடும்பமாக மதீனாவின் ஓரத்தில் வந்து தங்கினார்கள். அப்போது கலீஃபா உமர்.

இந்தப் பஞ்சத்தில் நம்மூர்க்காரர்கள் அதிகம் பேசுவது ஒரே ஒரு காட்சியைத்தான். மழை வேண்டி துஆ கேட்கும்போது உமர், நபியின் சிறிய தந்தை அப்பாஸை முன்னிறுத்தினார். முன்பு நபியைக் கொண்டு கேட்டோம், இப்போது அவருடைய சிறிய தந்தையைக் கொண்டு கேட்கிறோம் என்றார். மழை பெய்தது என்கிறது புகாரி. வஸீலா கூடுமா கூடாதா என்ற விவாதத்தில் இரண்டு தரப்பும் இந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு வரும். நானும் இதை முதலில் கேட்டது அப்படி ஒரு விவாதத்தில்தான். மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்த வருஷம் மதீனாவில் ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதற்கான பதில் இப்னு சஅத், தபரி போன்ற பழைய வரலாற்றாசிரியர்களிடம் இருக்கிறது. உமர் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி சிரியாவிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் தானியம் வரவழைத்தார். பெரிய பெரிய பானைகளில் சமைத்துப் போட்டார்கள். ஓர் இரவு தலையை எண்ணச் சொன்னபோது, பந்திக்கு வந்தவர்கள் மட்டும் 7,000 பேர் என்கிறார் இப்னு சஅத். மக்கள் பசியாறும்வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று உமர் விலக்கிவைத்தார். எண்ணெய் மட்டுமே சேர்த்துக்கொண்டதில் அவர் நிறமே கறுத்ததாம். அந்த ஆண்டு ஜகாத் வசூலைத் தள்ளிவைத்தார். பஞ்சத்தில் திருடியவனின் கையை வெட்டுவதில்லை என்பதும் அவர் பெயரிலேயே சட்ட மரபில் நிற்கிறது.

சொல்லப்போனால், துஆ இந்த வேலைகளோடு சேர்ந்தே நடந்தது. வானத்தைப் பார்த்துக் கையேந்தினவர் கீழே பானையையும் பார்த்தார்.

மழைத்தொழுகையின் சடங்கிலேயே இதற்கான தடயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நபி ஊருக்கு வெளியே திடலுக்குப் போய், கிப்லாவை நோக்கி நின்று துஆ கேட்டு, மேலாடையைப் புரட்டிப் போட்டு, இரண்டு ரக்அத் தொழுததாக ஹதீஸ் சொல்கிறது. அபூ ஹனீஃபா ஜமாஅத் தொழுகையை இதற்கு வழக்கமான சுன்னத்தாகக் கொள்ளவில்லை, துஆவும் பாவமன்னிப்பும் போதும் என்றார். ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் தொழுகையை விரிவாக வகுத்தார்கள்: மூன்று நாள் நோன்பு வையுங்கள், பழைய ஆடையில் வாருங்கள், முதியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: அடுத்தவனிடம் அநியாயமாகப் பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆடையைப் புரட்டுவது நிலைமை மாறட்டும் என்ற நற்குறி என்று விளக்குவார்கள். சரிதான். ஆனால் யாருடைய நிலைமை?

கொர்தோபாவில், பத்தாம் நூற்றாண்டில், இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்தலூஸின் கலீஃபா. 936இல் மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனை நகரைக் கட்டத் தொடங்கியவர். தலைமைக் காஜி முன்திர் பின் சயீத், அந்த ஆடம்பரத்தை ஜும்ஆ மேடையிலேயே வைத்துக் கண்டித்தவர். மழை இல்லாத ஒரு காலத்தில் கலீஃபா ஆள் அனுப்பி, தொழுகை நடத்தச் சொன்னார். காஜி வந்தவனிடம் கேட்டது: கலீஃபா இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்? முரட்டுத்துணி உடுத்தி, மண்ணில் விழுந்து, என் பாவத்துக்காக மக்களைத் தண்டிக்காதே என்று அழுகிறார் என்றான். அப்படியானால் மழைக்கோட்டை எடுத்துக்கொள், பூமியின் வல்லவன் பணிந்தால் வானத்தின் இறைவன் இரங்குவான் என்றாராம் காஜி. மக்கரீ பதிவு செய்யும் கதை இது.

கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். அது பரவாயில்லை. அந்தச் சமூகம் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதுதான் எனக்கு முக்கியம். மழை வந்ததா என்று கேட்பதற்கு முன்னால், மேலே இருப்பவன் பணிந்தானா என்று காஜி கேட்டார். பஞ்சத்தை ஜனங்களின் பாவக்கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துபோவது ஆள்பவர்களுக்கு எப்போதுமே வசதி. இந்தத் தொழுகையின் வரலாறு அந்த வசதியை அவர்களுக்குத் தரவில்லை. திடலில் முதலில் ஆடையைப் புரட்டவேண்டியது முன்னால் நிற்பவர்தான்.