யாருடைய அனுபவம்?: சத்யம் இயக்குநர் குழுவை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ் படித்தவனுக்குக் கம்பெனிச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் சிரிக்கலாம். என் அக்கறை 'அனுபவம்' என்கிற ஒரு சொல்லின் மீதுதான். அது யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பதே கேள்வி.

19ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தியக் கம்பெனிகள் பலவற்றை ஆண்டது மேனேஜிங் ஏஜென்சி முறை. பங்குதாரர் பணம் போடுவார், ஏஜென்சி ஆளும், இயக்குநர் குழு பெரும்பாலும் பேருக்குக் கூடிக் கலையும். 1970இல் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. குழு என்பது மரியாதை சேர்க்கும் சபை என்கிற மனோபாவம் ஒழிந்ததா?

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தைப் பார்ப்போம். 2008இல் அதன் குழுவில் முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலர், ஹார்வர்டு பேராசிரியர், பென்டியம் சில்லை உருவாக்கியதில் பேர்பெற்ற பொறியாளர், ஐஐடி ஒன்றின் முன்னாள் இயக்குநர் எல்லோரும் இருந்தார்கள். இதைவிடப் பெரிய மனுஷங்களை எங்கே போய்த் தேடுவது?

டிசம்பர் 16 அன்று கூடிய இக்குழு, நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேய்டாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க ஏகமனதாகத் தீர்மானித்தது. கேள்விகள் எழாமல் இல்லை. கேட்டவர்களும் கடைசியில் சம்மதித்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்தபின் சில மணி நேரத்திலேயே முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜுவே எழுதிக்கொடுத்தார்: கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அந்தக் குடும்பத்தின் பங்கு அப்போது பத்து சதத்துக்கும் கீழே. ஆக, அதிகாரம் பங்குகளில் மட்டும் இல்லை. பெரிய மனுஷங்களின் ஒப்புதலும் அதை உற்பத்தி செய்கிறது.

அனுபவமே வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த ஜனவரியில் அரசு பழைய குழுவைக் கலைத்து தீபக் பரேக், கிரண் கார்னிக் போன்றவர்களை நியமித்தது. ஏப்ரலுக்குள் நிறுவனம் டெக் மஹிந்திராவின் கைக்குப் போய்ப் பிழைத்தது. இவர்களும் அனுபவஸ்தர்கள்தான். ஆனால் ராஜுவின் அழைப்பில் வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை.

இன்னொரு அனுபவம் உண்டு. ஆயிரக்கணக்கில் பொய் இன்வாய்ஸ் தயாரான இடத்தில் உள்ளே இருந்த ஒருவருக்கும் தெரியாமலா இருக்கும்? டிசம்பர் 18 அன்று உள்விவரம் அறிந்த ஒருவர் மோசடி பற்றி இயக்குநர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார், புனைபெயரில். தெரிந்தவருக்குச் சொந்தப் பேர் சொல்ல முடியவில்லை. பேர் பெற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இதுதான் அந்தக் குழுவின் லட்சணம்.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிட்ட கம்பெனிகளில் இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அங்கே ஊழியராக இருந்தவர் சுயேச்சையானவர் ஆக முடியாது. முதலாளிக்குக் கட்டுப்பட்டவர் என்பது காரணம், நியாயம்தான். ஆனால் ஊழியர்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒருவருக்கு என்ன தடை? ஜெர்மனியில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. நம் அரசியல் சட்டத்திலும் அதே 1976இல் 43ஏ பிரிவு சேர்ந்தது: நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழி செய்ய வேண்டும். நெறிமுறைக் கோட்பாடு என்பதால் அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது. தனியார் கம்பெனிகளின் குழுக்களில் அது இன்னும் காகிதம்தான்.

தொழிற்சங்க நண்பர்கள் சம்பளக் கோரிக்கையோடு இந்த நாற்காலியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.