இரு செட்டைப் பலகையும் நம் கடற்கலங்களும்

பேராதனையில் மகாவலி கங்கையின் கரையில் நிற்பவருக்குக் கடலின் நினைவு எளிதில் எழுவதில்லை. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 அடி உயரத்தில் அமைந்த ஊர் இது. காலடியில் ஓடும் நீர் நெடுந்தூரம் சுற்றிச் சென்று, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கலக்கும்போதுதான் உப்பைச் சுவைக்கிறது. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடலலையின்மேல் நின்று செல்லும் ஒரு சிறு பலகை. அதற்கும் இம்மலைநாட்டு மரங்களுக்கும் உறவு உண்டு என்பது போகப்போகத் தெளியும்.

1833ஆம் ஆண்டளவில் இவ்வாற்றின் குறுக்கே முதிரை மரத்தால் 205 அடி நீளமான ஒற்றை வளைவுப் பாலம் அமைத்தனர். 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை அது நிலைத்து நின்றது. பாரம் தாங்க வேண்டிய பாலத்துக்கு இறுகிய மரம் வேண்டும். அலைமேல் மிதக்க வேண்டிய கலத்துக்கோ மென்மரமே வேண்டும். முதிரையைக் கொண்டு தெப்பம் கட்டுவோர் எவருமிலர்.

மென்மரங்களுள் முள்முருக்கை நம்மவர் அனைவரும் அறிவர். வேலியில் நிற்பது, யாழ்ப்பாணத்துத் திருமணங்களில் கன்னிக்காலாக ஊன்றப்படுவது, இதன் இனமொன்று தேயிலைத் தோட்டங்களில் நிழல் தருவது. பசிபிக் மாகடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளில், இம்முருக்கின் உடன்பிறப்பான வில்லிவில்லி என்னும் மரம் வளர்கிறது. அத்தீவுகளின் குலத்தலைவர்கள் ஏறி அலைமேல் விளையாடிய நெடும்பலகைகளை அம்மரத்தால் செய்தனர். ஓடங்களின் பக்க மிதவைக்கும் அதுவே உதவியது. நம் கரைகளிலும் முருக்கு மரம் கட்டுமரத்துக்கும் மிதவைக்கும் பயன்பட்டது. ஒருவரை ஒருவர் கண்டிராத இரு கடற்குலங்கள் ஒரே இன மரத்தைத் தேர்ந்தமை வியப்புக்குரியதே. எனினும் இதைக் கொண்டு ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என முடிவுகட்டுதல் பொருந்தாது. இலேசான மரத்தைக் கடல் தானே காட்டிக்கொடுக்கும்.

ஹவாயின் பழம்பலகைகளுக்கு அடிப்புறத்தில் யாதொன்றும் கிடையாது. வழவழப்பான அப்பலகை செங்குத்தான அலைமுகத்தில் பக்கவாட்டாக வழுக்கும். ஏறியவர் காலை நீரில் இழுத்துத் திசை மாற்றவேண்டியிருந்தது. 1935இல் தாம் பிளேக் என்னும் அமெரிக்கர் விசைப்படகொன்றின் சிறு உலோக அடிக்கட்டையைத் தம் பலகையின் பின்முனையில் பொருத்திப் பார்த்தார். பலகை வழுக்குவதை விட்டு, நீரைப் பிடித்துக்கொண்டு சென்றது. மீனின் செட்டையை ஒத்த அவ்வுறுப்பை நாமும் செட்டை என்றே அழைப்போம்.

செட்டை தரும் நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. நீரைப் பிடிப்பது எதுவோ அது நீரால் தடுக்கவும் படும். பிடி மிகுந்தால் வேகம் குறையும். இவ்வழக்கைத் தீர்க்க முற்பட்டவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் பொப் சிமன்ஸ். கலிபோர்னியாவில் பொறியியல் பயின்ற அவர், விரைவோடங்களின் அடிப்புறத்தைப் பற்றி இரண்டாம் உலகப் போருக்குப்பின் வெளிவந்த ஆராய்ச்சியைக் கற்று அதனைப் பலகைக்குப் பொருத்தினார். அந்நாளைய திண்ணிய செம்மரப் பலகை 100 இறாத்தல் வரை கனத்தது. சிமன்ஸ் அதனை விடுத்து, கன அடிக்கு ஏறக்குறைய 10 இறாத்தலே எடையுள்ள பால்சா மரத்தையும், அதன்மேல் கண்ணாடியிழையையும் பிசினையும் கையாண்டார். பால்சா நம் இலவ மரத்தின் சுற்றத்தைச் சேர்ந்தது.

சிமன்ஸ் தம் பலகையின் வாற்பகுதியை அகலமாக்கினார். அடி அகன்றால் நீர் அதனை மேலே தூக்கும். பலகை நீரைக் கிழிக்காது அதன்மேல் ஏறி ஓடும். ஆனால் அகன்ற வாலின் நடுவே ஒற்றைச் செட்டை இருந்தால் ஓர் இடர் உண்டு. ஏறியவர் ஒரு விளிம்பின்மேல் சாய்ந்த உடனே நடுப்பகுதி நீருக்கு மேலே எழும். செட்டையும் உடன் எழுந்து பிடியை இழக்கும். இதற்கு அவர் கண்ட மாற்று, நடுவில் இருந்ததை நீக்கி, இரு விளிம்புகளின் அருகே ஒவ்வொன்றாக இரு செட்டைகளை அமைத்தது. சாயும் பக்கத்துச் செட்டை நீருள் ஆழ்ந்து நிற்கும். மறுபக்கத்தது எழுந்து தடையாகாது விலகிக்கொள்ளும். இரு செட்டைப் பலகையின் இரகசியம் இவ்வளவே. செட்டை எத்தனை என்னும் கேள்விக்கு விடை செட்டையில் இல்லை. வாலின் அகலத்தில் இருக்கிறது. 1954இல் அலையேறும்போதே சிமன்ஸ் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அவருக்குப்பின் அக்கருத்துச் சில காலம் உறங்கியது. 1967இல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்னும் இளைஞர், முழந்தாளிட்டு ஏறுவதற்காக, மீன்வாலைப் போலப் பிளந்த வாலுள்ள குட்டைப் பலகை ஒன்றைச் செய்து, அதன் இரு கவைகளிலும் நீண்ட அடியுள்ள தாழ்ந்த செட்டைகளைப் பொருத்தினார். பத்தாண்டுகள் கழித்து ஆஸ்திரேலியரான மார்க் ரிச்சர்ட்ஸ் தமக்கென இரு செட்டைப் பலகையைத் திருத்தி அமைத்து, 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலக வாகை சூடினார்.

இவ்விருவர் செட்டைகளும் ஒரே குணமுடையன அல்ல. அடி நீண்டு, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் செட்டை பலகையை நேரே விரைந்து செலுத்தும். வளைப்பதற்குச் சற்றே பிடிவாதம் காட்டும். அடி குறுகி நிமிர்ந்து, முன்முனை உள்நோக்கித் திரும்பியிருக்கும் செட்டை சட்டென்று வளையும். நேரோட்டத்தில் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். செட்டையை வெளிப்புறம் சாய்த்து வைப்பதும் உண்டு. பலகை சாயும்போது அப்பக்கத்துச் செட்டை நீரில் நேராக நிமிர்ந்துவிடும். இவை யாவும் விரலளவு, நூலளவு மாற்றங்களே. ஆயினும் ஏறியவரின் பாதம் அவற்றை உடனே அறியும். மிதமான அலையில் துள்ளி விளையாடும் இப்பலகை, செங்குத்தான பேரலையில் வால் நழுவி ஏமாற்றுவதும் உண்டு. உடல் பருத்த சைமன் ஆண்டர்சன் என்னும் ஆஸ்திரேலியருக்கு அது பெருந்தொல்லையாயிற்று. 1980இல் அவர் நடுவே மூன்றாவது செட்டையைச் சேர்த்தார். அம்முறையே பின்னர் உலகெங்கும் பரவிற்று.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். நீருக்குள் எதை இறக்குவது, எங்கே இறக்குவது, எப்போது எடுப்பது என்னும் இவ்வழக்கை நம் கடலோடிகள் வேறொரு வகையில் தீர்த்திருந்தனர். இலங்கையின் ஒருபுற மிதவை ஓடம் குடைந்த மரத்தால் ஆகியது, மிகவும் ஒடுங்கியது, அடிக்கட்டை இல்லாதது. பாய் விரித்தால் அது கவிழாது காப்பது பக்கத்தே நிற்கும் மிதவை. பக்கவாட்டில் நழுவாது காப்பது காற்றொதுக்கில் இறக்கும் பலகை. மிதவை எப்போதும் காற்றடிக்கும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஆதலால் திசை மாற்றும்போது ஓடத்தைத் திருப்பாமல், பாயை மறுமுனைக்குக் கொண்டுசென்று பின்னணியத்தையே முன்னணியமாக்குவர். தப்ரபேன் நாட்டுக் கலங்களுக்கு இருபுறமும் முகப்பு உண்டு என்று உரோமரான பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்தது இவ்வழக்கத்தை நினைவூட்டுகிறது. காற்று வலுத்தால் ஆட்கள் மிதவைத் தண்டின்மேல் ஏறி நிற்பர். எத்தனை பேர் ஏற வேண்டியிருந்தது என்பதைக் கொண்டே ஓராள் காற்று, ஈராள் காற்று என்று காற்றை அளந்தனர். இதைவிடச் செம்மையான அளவுகோல் அலுவலகங்களில் இருக்கலாம்; ஓடத்தில் இதுவே போதும்.

கட்டுமரம் அலைப்பலகைக்கு இன்னும் நெருங்கிய உறவினர். சோழமண்டலக் கரையில் நுரைத்தெழும் அலைவரிசைகளைப் பெரிய கப்பல்களின் படகுகள் கடக்க அஞ்சின. துறைமுகம் அமையாத நாளில் சென்னைக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே கடிதம் சுமந்தது கட்டுமரமே. ஏறி விழும் நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும்; இறைக்க வேண்டுவதில்லை. கரை திரும்பும்போது பின்னிருந்தவர் துடுப்பைச் செட்டைபோல் ஊன்றித் திசை காப்பார். அலை கட்டுமரத்தை ஏந்திக் கரையில் சேர்க்கும். அது விளையாட்டன்று, அன்றைய உணவுக்காகச் செய்தது. மேனாட்டார் நம் சொல்லை எடுத்துக்கொண்டு, இரட்டை உடற் படகுக்குச் சூட்டி, பொருளை மாற்றிவிட்டனர் என்பதைக் குறையாகச் சொல்வேனேயன்றிக் கோபமாக அன்று.

பொத்துவிலை அடுத்த அறுகங்குடாவில் இவ்விரு வரலாறுகளும் ஒரே மணலில் கிடக்கின்றன. முனையைச் சுற்றி வலப்புறமாக நீண்டு விரியும் அதன் அலையைத் தேடிச் சித்திரை முதல் ஐப்பசி வரை பிறநாட்டார் வருகின்றனர். இரு செட்டைப் பலகைக்கு ஏற்ற அலை அது. அவ்வூர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வந்தவர் விட்டுச்சென்ற பலகைகளில் ஏறிப் பழகித் தேர்ந்தவராயினர். அவர்கள் பலகையும் தந்தையரின் படகும் இன்று ஒரே பொருளால் ஆனவை. சிமன்ஸ் பலகைமேல் பூசிய அதே கண்ணாடியிழைதான் கட்டுமரத்தையும் குடைமர ஓடத்தையும் கரையேற்றிவிட்டது. புதுப்படகு விரைந்து செல்லும், மழையில் ஊறாது, ஒவ்வொரு நாளும் கட்டவிழ்த்துக் காயவைக்க வேண்டியதில்லை. மீனவர் அதனை விரும்பியதில் தவறேதுமில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு மனத்தை உறுத்துகிறது. சிமன்ஸின் பலகைகளைத் தேடி எடுத்து அளந்து, அவ்வளவைக் கொண்டு இந்நூற்றாண்டில் புதிய குறும்பலகைகள் செய்கின்றனர். நம் கலங்களை இவ்வாறு ஊன்றி நோக்கி அளந்தவர்களுள் ஒருவர் மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர். அவர் இந்தியக் கலங்களைப் பற்றி 1920இலும், இலங்கைக் கலங்களைப் பற்றி 1943இலும் எழுதினார். நடுமரம் எவ்வளவு நீளலாம், முன்முனை எவ்வளவு நிமிரலாம் என்பன இன்றும் சில முதியவர்களின் கண்ணளவில் மட்டுமே உள்ளன. அதை ஏட்டில் ஏற்றக் கடற்கரையிலேயே பிறந்திருக்க வேண்டுமென்பதில்லை. மிதவைக்கும் தெப்பத்துக்கும் பெயர்போன மலைவேம்பு, சிங்களத்தில் லுணுமிதெல்ல எனப்படுவது, கடலிலிருந்து விலகிய மேட்டுநிலத்தில் வளர்வதுதான். பேராதனைப் பூங்காவின் தலைவராக 1880 முதல் 1896 வரை இருந்த ஹென்றி திரிமன் இலங்கைத் தாவரங்களைத் தொகுத்த பெருநூலை இந்த ஆற்றங்கரையில் இருந்துகொண்டே எழுதினார். மரத்தை அறிந்த இவ்வூரிலிருந்து ஓடத்தச்சரின் முற்றத்துக்கு ஒருநாள் பயணமே உள்ளது. அளவுக்கயிற்றுடன் சென்றால் முதலில் கேட்கவேண்டியது, மிதவைத் தண்டின் வளைவை எதைக் கொண்டு முடிவு செய்கிறார் என்பதை.