வங்கி ஏடுகள் இணைந்த வரலாறு

பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலம் சென்று வாழ்வோருக்குப் பொருளீட்டுவது ஒரு கவலை. ஈட்டியதை வீட்டிற்குத் தவறாமல் சேர்ப்பது மற்றொரு கவலை. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரைப் போலவே, கடற்கழிக்கு அப்பால் வாஷியில் வாழும் தமிழரும் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். மகனுடைய கணக்கு வாஷியில் ஒரு வங்கியில் இருக்கும். தாயாருடைய கணக்கு திருநெல்வேலியில் வேறொரு வங்கியில் இருக்கும். இரண்டும் தனித்தனி நிறுவனங்கள்; ஒன்றின் ஏட்டை மற்றொன்று திறந்து பார்க்க இயலாது. ஆயினும், முன்னதில் பற்றெழுதிய சில நொடிகளில் பின்னதில் வரவு எழுதப்படுகின்றது. இந்த ஏற்பாடு எவ்வாறு உருவாயிற்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ரொக்கத்தைக் கையில் சுமக்காமல் பணத்தை அனுப்புவது நமக்குப் புதியதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூன், கொழும்பு, பினாங்கு முதலிய நகரங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாளில், ஓரூர்க் கடையில் பணம் கட்டி உண்டியல் பெற்று, வேற்றூர்க் கடையில் அதனைக் காட்டிப் பணம் பெறும் வழக்கம் இருந்தது. ஒருவரையொருவர் அறிந்த வணிகக் குடும்பங்களின் நாணயமே அதற்கு ஈடாக நின்றது. அந்த அறிமுக வட்டத்திற்குள் அது சிறப்பாக நடந்தது.

ஒருவரையொருவர் அறியாத மக்களிடையே பணம் செல்லவேண்டிய காலம் வந்தபோது, வங்கிகள் கூடித் தீர்வகம் கண்டன. பம்பாய் போன்ற பெருநகரங்களில் பல வங்கிகளின் குமாஸ்தாக்கள் காசோலைக் கட்டுகளுடன் ஓரிடத்தில் கூடி அவற்றை மாற்றிக்கொண்டனர். ஒரு வங்கி மற்றொன்றுக்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டியிருந்து, 9 இலட்சம் பெறவேண்டியிருந்தால், எஞ்சிய 1 இலட்சத்தை மட்டும் தந்தால் போதும். அந்த எச்சக் கணக்கைத் தீர்க்கும் நடுவிடமாக, 1935-இல் தோன்றிய இந்திய ரிசர்வ் வங்கி விளங்கியது.

காசோலைகள் பெருகப் பெருக, மனிதக் கைகளால் அவற்றைப் பிரித்தல் அரிதாயிற்று. அரியலூரில் பிறந்த டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அளித்த அறிக்கை வங்கிகள் இயந்திரங்களை ஏற்க வழி வகுத்தது. 1980களின் பிற்பகுதியில், காந்தத் தன்மையுள்ள மையினால் எண்கள் அச்சிட்ட காசோலைகள் பெருநகரங்களில் வழக்கத்திற்கு வந்தன. அவற்றின் அடியில் ஒன்பது இலக்கங்கள் உண்டு: நகரத்திற்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. நகரத்திற்குரிய எண்ணைப் புதிதாகத் தேடவில்லை. அஞ்சல் துறை 1972-இல் வகுத்த குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களையே எடுத்துக்கொண்டனர். வாஷியின் அஞ்சல் எண் 400703. அங்குள்ள கிளைகளின் காசோலை எண்ணும் 400 என்றே தொடங்கும். சென்னைக்கு 600, மதுரைக்கு 625.

அடுத்து, தாளை விடுத்துச் செய்தியை மட்டும் அனுப்பும் நிலை பிறந்தது. இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் நலம். 50 வங்கிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் தனித்தனியே இணைப்பதானால் 1,225 இணைப்புகள் வேண்டும். நடுவே ஒரு நிலையம் அமைந்தால் 50 இணைப்புகளே போதும். எந்த வங்கியும் தன் உட்கணக்கு முறையை மாற்ற வேண்டியதில்லை. வெளியே அனுப்பும் செய்தி மட்டும் பொதுவான ஒரே வடிவில் இருக்கவேண்டும். இந்நெறியிலேயே 2004-இல் ஆர்.டி.ஜி.எஸ்., 2005-இல் நெஃப்ட், 2010-இல் ஐ.எம்.பி.எஸ்., 2016-இல் யு.பி.ஐ. ஆகியவை தோன்றின. நெஃப்ட் முறையில் கிளையைக் காட்டும் குறியீடு பதினோரு எழுத்துகளைக் கொண்டது. முதல் நான்கு வங்கியையும், இறுதி ஆறு கிளையையும் குறிக்கும்; நடுவிலுள்ள சுழியம் பிற்காலத் தேவைக்கென ஒதுக்கப்பட்டது. பகலில் மட்டும் இயங்கிய நெஃப்ட், 2019 டிசம்பர் முதல் இரவும் பகலும் இயங்குகின்றது.

இவ்வளவு விரைவிலும் ஓர் இடர் தங்கிவிட்டது. கணக்கு எண்ணை மட்டும் கொண்டு வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-இல் நெறி வகுத்தது. எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புவோரைச் சார்ந்தது. ஓர் இலக்கம் பிறழ்ந்து, அது வேறொருவர் கணக்கிற்கு உரிய எண்ணாக அமைந்துவிட்டால், ஒரு மாத ஊதியம் அயலார் கைக்குப் போய்விடும். இக்குறையை நீக்கவே, பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு வங்கிகளைப் பணித்தது.

இங்கேதான் தமிழர் தனியே கருத வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை இடுகின்றோம். மகாராட்டிரத்துப் படிவங்களோ பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள் காட்டுகின்றன. ஆகவே ஒருவரே ஓர் ஏட்டில் எஸ். முருகன், மற்றொன்றில் முருகன் சுப்பையா, இன்னொன்றில் சுப்பையா முருகன் என மூவராகின்றார். ஏடுகள் தனித்திருந்த காலத்தில் இதனால் பெருந்தொல்லை இல்லை. அவை இணைந்த பின்னரோ, வருமானவரி அட்டையும் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் ஓய்வூதியமும் சேமநிதியும் தடைப்படக் கூடும்.

ஆதலின், எல்லா ஏடுகளிலும் நம் பெயரை ஒரே வடிவில் பதிந்து வைப்பதும், பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரை ஒருமுறை படித்துப் பார்ப்பதும் நம் கடமையாகும். வங்கிகள் தமக்குள் ஒரு பொது எழுத்து முறையை வகுத்துக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. நம் வீட்டுத் தாள்களை ஒழுங்கு செய்ய நமக்கு ஒருநாள் ஓய்வே போதும்.